தாய்மாமன் மடி

அழகுமலையின் சட்டைகள் யாவும் அவருடைய உடம்புக்கு ஓர் அளவு பெரியவை. அறைத் தோழர்கள் இதனைக் கஞ்சத்தனம் என்றே கருதினர். ஷார்ஜாவில், ரோலாவின் மலிவுக் கடைகளில் தள்ளுபடியில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்கிறார் என்று கேலி பேசினர். அவர் மறுத்ததில்லை. துபாயில் ஓர் அரபு வணிகரிடம் டிரைவராகப் பணியாற்றுகிறார் என்பதே ஊரும் உறவும் அறிந்த செய்தி. கார் ஓட்டுவதும் உண்மைதான். ஆனால் அந்தத் தொளதொளத்த சட்டையின் கீழே, இடுப்பின் வலப்பக்கத்தில், கால்சட்டையின் உட்புறமாக உறையில் செருகப்பட்ட கைத்துப்பாக்கி ஒன்று நாள்தோறும் அவருடன் சென்று வந்தது. முதலாளியையும், ஆயுத அறையின் பொறுப்பாளராகிய ஹஸ்னைனையும் தவிர வேறெவரும் அதனை அறியார்.

முதலாளிக்கும் அவருடைய பழைய கூட்டாளி ஒருவருக்கும் வியாபாரத்தில் மூண்ட பகை, மிரட்டல் வரைக்கும் சென்றிருந்தது. அதன்பின் முறைப்படி அனுமதி பெற்று, இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அழகுமலையை அவர் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். அனுமதிக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. துப்பாக்கி இருப்பதை எவரிடமும் சொல்லலாகாது. முதலாளியின் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அது வெளியில் இருக்கலாம். அவரைப் பிரிந்தவுடன் ஜுமைராவிலுள்ள அவருடைய வீட்டின் பின்புறத்து அறையில், ஹஸ்னைனின் இரும்புப் பெட்டகத்திற்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒருவன் இடுப்பில் துப்பாக்கி ஏறிவிட்டால் அவனுடைய துணிச்சல் கூடிவிடும் என்று உலகம் எண்ணுகிறது. அழகுமலையின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. அவர் எல்லாச் சண்டைகளிலும் தோற்கப் பழகிக்கொண்டார். ஜெபல் அலியில் ஒரு லாரிக்காரன் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, இவருடைய தாயைப் பற்றிக் கூசாமல் பேசியபோது, கைகளை மார்புக்கு நேரே விரித்துக் காட்டி, மன்னித்துக்கொள் பாய் என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். வாய்ச்சண்டை கைகலப்பாக மாறினால் மற்றவனுக்கு அது வெறும் கைகலப்பு. இவருக்கோ அதில் ஒரு துப்பாக்கியும் கலந்துகொள்ளும். ஆகவே அவர் கூட்டத்தில் நின்றதில்லை, மது தொட்டதில்லை, உயரத்திலிருக்கும் பொருளைக் கையை நீட்டி எடுத்ததில்லை. கழிப்பறையில் அதனைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின்மேல் வைத்துவிட்டு, கைகழுவி, தலைவாரி, வெறும் இடுப்போடு வெளியே வந்த ஒருவனைப் பற்றி ஹஸ்னைன் அவருக்கு முதல்நாளே சொல்லியிருந்தார். அவனுக்குப் பின்னால் உள்ளே சென்றவன் நல்லவனாக இருந்ததனால் அச்செய்தி கதையாக முடிந்ததாம்.

இத்தகைய மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தவறிழைத்தார் என்றால், அதற்கு அவருடைய தங்கை ஜோதிமணிக்கு அவர் பட்டிருந்த கடமையே காரணம்.

ஜோதிமணி தன் கணவன் விமலோடும், ஐந்து வயது மகள் தன்விகாவோடும் ரோலாவில் ஒரு சிறு ஃபிளாட்டில் குடியிருந்தாள். விமலுக்கு அருகிலேயே ஒரு பணமாற்று நிலையத்தில் கவுண்டர் வேலை. குழந்தைக்கு ஊரில்தான் காது குத்த வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் அவள் பள்ளிக்கூடமே போகத் தொடங்கிவிட்டாள். இம்முறை விசிட் விசாவில் வந்திருந்த விமலின் தாயார் சுந்தராம்பாள், இனியும் பொறுக்க இயலாது என்று கூறி, இங்கேயே முறைப்படி செய்துவிடுவது என முடிவு கட்டினார்.

தாய்மாமன் என்ற சொல்லுக்கு அவர்களுடைய பக்கத்தில் இருக்கும் எடையைப் பிறருக்கு விளக்குவது கடினம். பிறந்த வீட்டின் சார்பில் சபையில் வந்து அமர்பவன் அவனே. ஜோதிமணியின் திருமணத்தின்போது அழகுமலை எல்லையில் இருந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் அவருக்குப் பதிலாக மணவறையில் நின்றான். தந்தை இறந்தபோதும் இவர் வந்து சேர்வதற்குள் காரியங்கள் முடிந்துவிட்டன. உங்கள் வீட்டில் சபைக்கு வர ஆள் இருக்கிறதா என்று சுந்தராம்பாள் சிரித்துக்கொண்டே கேட்பதும், ஜோதிமணி சிரிக்காமல் அடுக்களைக்குள் போய்விடுவதும் பழகிப்போன காட்சி. இந்த முறை என் அண்ணன் உட்காருவான் என்று அவள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அழகுமலையும் வாக்குக் கொடுத்திருந்தார். பட்டுப்பாவாடை, வளையல், பழம், ஒரு சிறு பெட்டியில் தங்கத் தோடு ஆகிய சீர்வரிசையை முந்தின நாளே அனுப்பியும்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்பு. ஆயினும் காலையில் முதலாளி அழைத்தார். ஜெபல் அலியிலுள்ள கிடங்கை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம், பிறகு நீ போகலாம் என்றார். கிடங்கைப் பார்க்கும் வேலை நீண்டது. பத்து மணிக்கு முடியும் என்றிருந்தது பதினொன்றைத் தொட்டபோது, முதலாளி அவருடைய முகத்தைக் கவனித்து, இன்று உன் தங்கை வீட்டு விசேஷம் அல்லவா என்று நினைவுகூர்ந்தார். மகனும் அங்கு வந்திருந்ததால் அவனுடைய காரில் தாம் வீடு திரும்புவதாகவும், அழகுமலை நேரே ஷார்ஜாவுக்குப் போகலாம் என்றும், துப்பாக்கியை மாலையில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றும் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்.

அழகுமலை காரில் அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தார். ஜுமைராவுக்குச் சென்று ஒப்படைத்துவிட்டு ரோலாவுக்குப் போனால் உச்சிவேளை கடந்துவிடும். ஏறுபொழுதில்தான் காது குத்த வேண்டும் என்பதில் சுந்தராம்பாள் பிடிவாதமாக இருந்தார். பன்னிரண்டு மணிக்கோ எமகண்டம் பிறந்துவிடும். நேரே போனால் எட்டிப் பிடிக்கலாம். குழந்தை வளர்ந்துவிட்டாள், நாற்காலியில் உட்கார வைத்தே குத்துவார்கள், நாம் சீர்த்தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கப் போகிறோம், சற்று நேரந்தானே என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். முதலாளியே அனுமதி கொடுத்துவிட்டார் என்பது அந்தச் சமாதானத்திற்கு முட்டுக் கொடுத்தது. ஹஸ்னைனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கைப்பேசியை எடுத்தவர், என்ன பதில் வரும் என்பது தெரிந்திருந்ததால் அதனைக் கீழே வைத்துவிட்டார்.

ஃபிளாட்டின் கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுவதும் விமலின் நண்பர்களும் அவர்களுடைய குடும்பங்களும் நிறைந்திருந்தனர். அடி வைக்க இடமின்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தனர். தன்விகா பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து இவருடைய இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். அவர் இடப்பக்கத்தை அவளுக்குக் காட்டித் திரும்பி, அவளுடைய தோள்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

“மாமா, யூ ஆர் சோ லேட்,” என்றாள் அவள்.

தங்கப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் ஆசாரி, கம்பிகளை வெந்நீரில் போட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இருந்தது நாற்காலி அன்று. தரையில் ஜமக்காளம் விரித்து, அதன்மேல் ஒரு மணைப்பலகை போடப்பட்டிருந்தது. பலகையின் பக்கத்தில் புதுவேட்டியும் துண்டும் தாம்பாளத்தில் இருந்தன.

“அண்ணே, சீக்கிரம் வேட்டிய மாத்திட்டு வந்து ஒக்காரு. பாப்பாவ மடியில வச்சுக்கணும். கையக் கால இறுக்கிப் பிடிச்சுக்க, அவ பயங்கரமா ஒதைப்பா,” என்றாள் ஜோதிமணி. பல ஆண்டுகளாகக் காணாத ஒரு மலர்ச்சி அவள் முகத்தில் இருந்தது.

வேட்டியை வாங்கிக்கொண்டு அவர் படுக்கையறைக்குள் சென்றார். அங்கே கட்டிலின்மேல் மூன்று நான்கு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தனர். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அலமாரியைப் பார்த்தார். அதைப் பூட்டலாம், ஆனால் சாவி இந்த வீட்டுடையது, எந்த நேரத்தில் எவர் துணி எடுக்கத் திறப்பார் என்பது தெரியாது. கீழே காரில் வைத்துப் பூட்டலாம். தெருவில் நிற்கும் காரில் துப்பாக்கியை விட்டுவிட்டு மேலே விருந்துண்பவன், ஹஸ்னைன் சொன்ன கழிப்பறைக்காரனைவிட எவ்வகையில் மேலானவன்? இடுப்பிலேயே விட்டுவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால், ஊசி இறங்கும்போது அவள் துள்ளுவாள், உதைப்பாள்; ஆசாரி மேலே சாய்வார்; நாலுபேர் சேர்ந்து பிடிப்பார்கள்; சட்டை விலகும். உறை கெட்டியானதுதான். தோட்டாக்களை எடுத்துவிடலாந்தான். ஆனால் மெல்லிய சுவர்கள் கொண்ட, பிள்ளைகள் நிறைந்த வீட்டில், தாழ் இல்லாத கதவுக்குப் பின்னால் நின்று அதனை வெளியே எடுப்பதே எல்லாவற்றினும் பெரிய பிழை. எடுக்காதவரை அது உறங்கும் பொருள். கையில் எடுத்துவிட்டால் அவ்வாறன்று.

அவர் வேட்டியை மடித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கால்சட்டையோடே நிற்கிறேன், குழந்தையை ஜோதி மடியில் வைத்துக்கொள்ளட்டும், நான் பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார்.

சுந்தராம்பாள் முகவாயில் கைவைத்துக்கொண்டார்.

“ஏந்தம்பி, மருமக ஒங்க மடியில ஒக்காந்தா கால்சட்டை கசங்கிப் போயிருமாக்கும்? டிரைவர் வேலைக்கு இம்புட்டு பவுசா?”

சிலர் சிரித்தனர். ஜோதிமணி சிரிக்கவில்லை. அழகுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விமல், நிலைமையை விளையாட்டாக்கிச் சரிசெய்யும் நல்லெண்ணத்தோடு, மச்சானுக்கு வெட்கம், நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வேட்டியைப் பறித்துப் பின்பக்கமாக வந்து இரண்டு கைகளையும் அவருடைய இடுப்பைச் சுற்றிப் போட்டான்.

அடுத்து நிகழ்ந்ததை அழகுமலை தீர்மானித்துச் செய்யவில்லை. அவருடைய வலமுழங்கை கீழே இறங்கி உறையை அடைத்தது. இடக்கை விமலின் மணிக்கட்டைப் பற்றித் திருகியது. விமல் வலி தாங்காமல் முழந்தாளிட்டான். தாம்பாளம் கவிழ்ந்து பழங்கள் உருண்டன. தன்விகா அழத் தொடங்கினாள்.

அவர் உடனே கையை விட்டுவிட்டார். விமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோபத்தைவிட வியப்பே மிகுந்தவனாக அவரை நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய விரல்கள் எதையும் தொட்டிருக்கவில்லை என்பதை அந்தப் பார்வையில் அழகுமலை உறுதிசெய்துகொண்டார். இதுவரை துப்பாக்கியைப் பற்றித்தான் அவர் அஞ்சியிருந்தார். அதனைக் காப்பதற்குத் தம் கைகள் எவரையும் எதுவும் செய்துவிடும் என்பதை இப்போதுதான் கண்டார். அந்தக் கைகளுக்கு நடுவே ஒரு குழந்தையை உட்கார வைக்க முடியாது.

மன்னித்துக்கொள்ளுங்கள் மாப்ள என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார். ஜோதிமணி படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“என்னண்ணே ஆச்சு ஒனக்கு?”

“நான் போயிட்டு வந்துர்றேன் ஜோதி.”

“எங்க போற? பொழுது முடியப் போகுது. ஒன் அர்பாப் கூப்புட்டானா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் முதலாளியைத் திட்டிவிட்டு அண்ணனை மன்னித்திருப்பாள். அரபு முதலாளிகள் எல்லாருமே இத்தகைய பழிகளைச் சுமக்கத் தகுந்தவர்கள் என்பது ரோலாவில் பொதுவான கருத்து. ஆனால் இன்றைய பிழை தம்முடையது என்பதால் அவர் அந்த வழியை எடுக்கவில்லை.

“இல்ல. முடிக்க வேண்டிய வேலை ஒண்ண முடிக்காம வந்துட்டேன். தப்பு எம்மேலதான்.”

“என்ன வேலை?”

“சொல்ல முடியாது.”

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“கல்யாணத்துக்கு வரல. பார்டர்ல இருந்த, சரின்னுட்டேன். அப்பாவுக்கும் எல்லாம் முடிஞ்சுதான் வந்த. அதையும் சரின்னுட்டேன். இன்னைக்கு வீட்டுக்குள்ள வந்துட்டுப் போற பாத்தியா, இதுக்கு நான் உள்ள போயி என்னண்ணே சொல்லட்டும்?”

“அண்ணன் சரியில்லன்னு சொல்லு,” என்றார் அழகுமலை.

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

காரை அவர் வேகமாக ஓட்டவில்லை. வேகம் விபத்தில் முடியலாம். விபத்து என்றால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் முதலாளி பக்கத்தில் இல்லாத ஒருவன் இடுப்பில் இது ஏன் இருக்கிறது என்ற கேள்வி வரும். துபாய் எல்லையின் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. மணி பன்னிரண்டானதை அவர் பார்த்தார். பிறகு மணியைப் பார்க்கவில்லை.

ஹஸ்னைன் பாகிஸ்தான் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். ஒருகாலத்தில் ஒரே எல்லையின் இரு பக்கங்களிலும் இருந்தவர்கள் இவ்விருவரும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஜுமைரா வீட்டின் பின்னறையில் ஹஸ்னைன் துப்பாக்கியை வாங்கி, மணல் நிரப்பிய தொட்டியை நோக்கி அதன் வாயைத் திருப்பித் தோட்டாக்களை நீக்கினார். துப்பாக்கியின் தோட்டா அறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டகத்தில் வைத்தார். அர்பாப் வந்து நெடுநேரமாயிற்றே என்று மட்டும் இந்தியில் கேட்டார்.

ஜெபல் அலியில் வேலை இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அழகுமலை நடந்ததை நடந்தபடியே சொன்னார். வீட்டில் பிள்ளைகள் இருந்ததையும், விமலின் மணிக்கட்டையும் விடாமல் சொன்னார்.

ஹஸ்னைன் பெட்டகத்தைப் பூட்டிய பிறகே பேசினார். “அர்பாப் உனக்கு லீவு கொடுத்தார். துப்பாக்கிக்கு லீவு கொடுக்க அவருக்கே அதிகாரம் இல்லை, பாய்.”

“தெரியும்.”

“யாராவது பார்த்தார்களா?”

“இல்லை.”

“நாளைக் காலையில் அவரிடம் நீயே சொல்லிவிடு. நீ சொல்லவில்லையென்றால் நான் சொல்ல வேண்டியிருக்கும். அவர் உன்னைக் காரோடு மட்டும் வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வார். ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்.” அவர் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். “இப்போது தங்கை வீட்டுக்குப் போ.”

அழகுமலை மீண்டும் ரோலாவை அடைந்தபோது விருந்தினர் கலைந்துவிட்டிருந்தனர். தன்விகா சோபாவில் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். சிவந்து வீங்கிய இரண்டு காதுமடல்களிலும் தங்கக் கம்பி வளைத்துவிடப்பட்டிருந்தது.

“வாங்க தம்பி. ஒருவழியா விட்டாகளா?” என்றார் சுந்தராம்பாள். சீர்த்தட்டு சுவரோரமாகத் தொடப்படாமல் இருந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அவர் தம் மகனைப் பார்த்துச் சொன்னார்.

விமலின் மணிக்கட்டில் தைலம் பளபளத்தது. கை எப்படியிருக்கிறது மாப்ள என்று அழகுமலை கேட்டார்.

“பரவால்ல மச்சான். நீங்க மிலிட்டரின்னு எல்லாரும் சொல்லுவாக. இன்னைக்குத்தான் நம்புனேன்.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இவர் போன பிறகு நடந்ததைச் சொன்னான். பொழுது முடிகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தியிருக்கிறார். விமலின் சித்தப்பா மகன் ஒருவன் மாமனுக்குப் பதிலாக உட்காரட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஜோதிமணி யாரையும் கேட்காமல் மணைப்பலகையில் தானே உட்கார்ந்து குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். “‘எங்கண்ணன் மடி இல்லன்னா என் மடி. வேற மடி கெடையாது’ன்னுட்டா. அம்மா இன்னும் சோறு திங்கல.”

ஜோதிமணி அடுக்களையிலிருந்து வந்து அவருக்கு இலை போட்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவரும் தலைகுனிந்து உண்டார். எழுந்து கைகழுவி வந்தபோது, அவள் சீர்த்தட்டின் முன்னால் அமர்ந்து தோட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கம்பி கொஞ்ச நாள் கெடக்கணும். ஆறுனப்பறம் தோடு போடணும்,” என்றாள், பெட்டியைப் பார்த்தபடியே. “அதையும் மாமன்தான் போடணும். வருவியா?”

நாளை இந்நேரம் தமக்கு வேலை இருக்குமோ, விசா இருக்குமோ என்பது அவருக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்வதற்கில்லை.

“வருவேன். ஆனா டூட்டியில இருந்து நேரா வரமாட்டேன் ஜோதி. அங்க போயி எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் வருவேன். நேரம் தப்புனாலும் தப்பும். வரலன்னாலும் வரல. முன்னாலயே சொல்லிப்புட்டேன்.”

அவள் தலை நிமிர்ந்து அவரை நீண்ட நேரம் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

“சாயங்காலத்துல நல்ல நேரம் இருக்க நாளாப் பாத்து வக்கிறேன்,” என்றாள்.

சுந்தராம்பாள் உள்ளிருந்து, தோடு போடுவதற்கும் ஏறுபொழுதுதான் உண்டு, சாயங்காலமெல்லாம் எங்கள் வழக்கத்தில் இல்லை என்று குரல் கொடுத்தார். ஜோதிமணி அதற்கு விடை சொல்லாமல், உறங்கும் குழந்தையைத் தூக்கி, அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் செய்து, இப்போது வெறுமையாக இருந்த அவருடைய வலப்பக்கத்திலேயே அவளைக் கிடத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.